கன்னிமாரா

எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் ஏழு கற்கள் நட்டிருக்கும். கன்னிமார் சாமி. கூரை கிடையாது, சுவர் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. ஆடி மாதம் கற்களைக் கழுவி மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பார்கள். மற்ற மாதங்களில் ஆடு மேய்க்கிறவர்கள் அந்த நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். யார் நட்ட கல் என்று எவரும் கேட்டதில்லை. 1984-ல் வேலைத் தேர்வுக்குப் படிப்பதற்காக நான் மெட்ராஸ் போய், முதல் தீபாவளிக்கு ஊர் திரும்பியபோது ஆயா கேட்டாள்.

"மெட்ராசுல எங்கடா ஒக்காந்து படிக்கிற?"

"கன்னிமாரா லைப்ரரில ஆயா."

ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அங்கியும் கன்னிமாரு கோயிலு இருக்குதா? அப்ப பயமில்ல. ஏழு பேரும் பாத்துக்குவாங்க."

நான் மறுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று அப்போது எனக்கும் தெரியாது. நாலு மாதமாக அந்த வாசலில் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். பெயரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. கன்னிமாரா என்றால் எழும்பூரில் உள்ள நூலகம், அவ்வளவுதான். சொல்லப்போனால், ஆயா கொடுத்த விளக்கம்தான் எனக்குக் கிடைத்த முதல் விளக்கம். அது என்னோடு நெடுநாள் இருந்தது.

பண்ருட்டியில் பாசஞ்சர் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கியவன் நான். தங்கியது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில். ஓர் அறைக்கு மூன்று பேர். வெயில் ஏறிவிட்டால் அந்த அறையில் மனிதன் இருக்க முடியாது. காலையில் கையேந்தி பவனில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, கூவத்தைத் தாண்டி எழும்பூருக்கு நடப்பேன். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்தால் சாயங்காலம் டீக்கு ஆகும். பாந்தியன் சாலைக்குள் திரும்பியதும் மரங்களின் நிழல் தொடங்கிவிடும். செங்கல் சிவப்பில் அருங்காட்சியகம், அதை ஒட்டி மியூசியம் தியேட்டர், நூலகம் என்று அந்த வளாகம் முழுவதும் வேறொரு காலத்தில் நின்றுகொண்டிருக்கும்.

பாந்தியன் சாலை என்பதைப் பாண்டியன் சாலை என்று படித்து, ஏதோ பாண்டிய மன்னன் பெயர் என்று நம்பியிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு. பாந்தியன் என்பது அந்த இடத்தில் ஒரு காலத்தில் இருந்த கேளிக்கை மண்டபத்தின் பெயர். கும்பினி அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நடனமாடவும் நாடகம் பார்க்கவும் கூடிய இடம். எல்லாத் தெய்வங்களுக்குமான கோயில் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மண்டபம் போய்விட்டது, பெயர் சாலையில் ஒட்டிக்கொண்டது. அருங்காட்சியகத்துக்கும் மக்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். செத்த காலேஜ். 1851-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தில் தொடங்கி 1854-ல் இங்கே வந்தது அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருப்பதால் அது செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். அரசாங்கம் எந்தப் பெயரை எழுதினாலும், அந்தப் பெயரை அன்றாடம் புழங்குகிறவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி அதை வளைத்துக்கொள்கிறார்கள்.

நூலகத்துக்கு வருகிறேன். வாசலில் பையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும்தான். நாங்கள் உட்கார்ந்தது 1970-களில் கட்டிய புதுக் கட்டிடத்தில். என்னைப் போல் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாதிப் பேர். மீதியில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், ஆராய்ச்சி மாணவர்கள். வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்களும் உண்டு. ஒரு பெரியவர் தினமும் ஒரே மேசையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து திருப்புகழ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் வராத அன்று அந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் அப்போதும் இரண்டு வகைக் குவளைகள் இருந்தன. எந்தத் தெருக்காரனுக்கு எந்தக் குவளை என்பது கடைக்காரர் கைக்குப் பழகியிருந்தது. கன்னிமாராவில் என் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. என் கையில் இருந்த புத்தகம் நேற்று யார் கையில் இருந்தது என்ற கேள்வியும் எழுந்ததில்லை. இதை இன்று எழுதும்போது சாதாரணமாகத் தெரியலாம். இருபத்தொரு வயதில் அந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அது பெரிய விஷயம்.

பழைய கட்டிடத்துக்குள் நான் முதலில் போனது ஒரு ஊழியரின் தயவில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து, "தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டார். பண்ருட்டிப் பக்கம் என்றேன். "பலாப்பழ ஊருக்காரரு. பழைய ஹாலைப் பாத்திருக்கீங்களா?" என்று கூட்டிப்போனார்.

தலையைத் தூக்கிப் பார்த்தபடி நின்றுவிட்டேன். வில்லாக வளைந்த உயரமான கூரை, அதன் விளிம்பெல்லாம் இலையும் பூவுமாகச் சுதை வேலை. வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சம் தேக்கு அலமாரிகளில் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. பழைய காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. நெல் குதிரைத் திறந்தால் வருமே, அதற்குக் கிட்டத்தட்ட உறவு. "இதைக் கட்டினது யாருங்க ஐயா?" என்று கேட்டேன். "வெள்ளக்காரன்தான்" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "கட்டினது நம்மாளுங்க. பேரு வெள்ளக்காரனுது" என்று திருத்திக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அந்தப் பெயர் என்னை உறுத்தத் தொடங்கியது. படிக்க வேண்டிய பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு அந்த நூலகத்திலேயே அந்த நூலகத்தைப் பற்றித் தேடினேன். ஒரே மூச்சில் கிடைத்ததில்லை. பல வருஷங்களில் துண்டு துண்டாகச் சேர்ந்தது.

ராபர்ட் பர்க் என்பது அவர் பெயர். அயர்லாந்தின் மேயோ பிரபு குடும்பத்தவர். அண்ணன் மேயோ பிரபு இந்தியாவின் வைசிராயாக இருந்து, 1872-ல் அந்தமானில் ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்குப் பலியானவர். தம்பி 1886 டிசம்பரில் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். மறு ஆண்டு பிரபுப் பட்டம் கிடைத்தபோது தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கன்னிமாரா. ஆக, அது அவர் பிறந்தபோது வைத்த பெயர் அல்ல, குடும்பப் பெயரும் அல்ல. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வட்டாரத்தில், அட்லாண்டிக் அலையடிக்கும் ஒரு நிலப்பகுதியின் பெயர். ஐரிஷ் மொழியில் அங்கே வாழ்ந்த பழைய குலத்தின் பெயரோடு கடலைக் குறிக்கும் சொல் சேர்ந்து உண்டானது. நாம் சொல்லும் 'மாரா'வுக்குக் கடலுடைய என்று பொருள். பாறையும் சதுப்புமான ஏழை மண். 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்து முழுவதும் பஞ்சம் விழுந்தபோது மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று அந்தக் கன்னிமாரா.

இதைப் படித்தபோது வெகு நேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. பட்டினியில் செத்த ஒரு கடற்கரையின் பெயர் எங்கோ சுற்றி வந்து, பட்டினியோடு படிக்க வந்தவர்களுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிரபு அதை நினைத்துப் பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் அது அப்படி அமைந்துவிட்டது.

அந்த மனிதரின் கணக்கு என்ன? 1889-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியான கஞ்சம் மாவட்டத்தில் பஞ்சம் வந்தபோது நேரில் போய்ப் பார்த்தார். மாகாணம் முழுக்கச் சுற்றினார். அந்தப் பயணங்களைப் பற்றி அவருடைய தனிச்செயலர் ரீஸ் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 1890 மார்ச் 22 அன்று நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு நவம்பரில் லண்டன் நீதிமன்றத்தில் அவர் மனைவி சூசனுக்கு மணவிலக்குக் கிடைத்தது. கணவரின் பிறர்தொடர்பையும் கொடுமையையும் சொல்லி அவர் தொடுத்த வழக்கு அது. சூசன் யார் என்றால், நாடுகளை விழுங்கிய டல்ஹௌசி பிரபுவின் மகள். டிசம்பர் முதல் தேதி ஆளுநர் பதவியை விட்டுக் கிளம்பினார் கன்னிமாரா. அடிக்கல் நாட்டி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, பெயர் கெட்டுப்போய்விட்டது.

கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1896 டிசம்பர் 5 அன்று ஆளுநர் ஹேவ்லாக் அதைத் திறந்துவைத்தார், கன்னிமாரா என்ற பெயரிலேயே. அந்த ஆறு ஆண்டுகளில் வேறு பெயர் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமை, மாகாணத்தின் முதல் பெரிய பொது நூலகத்தின் பெயரை மாற்றும் அளவுக்கு அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இதை நான் அந்தக் காலத்தின் மீது ஒரு குறையாகவே வைக்கிறேன்.

நூலகத்துக்கும் அவருக்கும் முந்தைய ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற ஊரில் கும்பினிக்கு அதிகாரிகளைத் தயார்செய்த ஒரு கல்லூரி இருந்தது. அது மூடப்பட்ட பிறகு அங்கே மிஞ்சிய புத்தகங்கள் 1861-ல் கப்பலில் சென்னைக்கு வந்தன. அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் அவற்றை வைத்து ஒரு சிறு நூலகத்தைத் தொடங்கினார். கன்னிமாராவின் விதை அதுதான். விதை போட்ட மிட்செல் பெயர் எந்த வாசலிலும் இல்லை. ஹென்றி இர்வின் வரைந்த இந்தக் கட்டிடத்தை ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய நம்பெருமாள் செட்டியாரின் பெயரும் வாசலில் இல்லை. உயர் நீதிமன்றத்தையும் கட்டியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1920-ல் தன் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் அவருக்குச் சொந்தமான வீட்டில்தான். அவருக்காவது வரலாற்றில் ஓர் ஓரம் கிடைத்தது. செங்கல் சுமந்தவர்களுக்கும் சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கும் அதுவும் இல்லை. "கட்டினது நம்மாளுங்க" என்று அந்த ஊழியர் சொன்னதே அவர்களுக்குக் கிடைத்த மரியாதை.

என் மேன்ஷனுக்கு அருகே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடியது. ஓடியது என்று சொல்வது தவறு, கறுத்து நின்றது. ராத்திரி காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்த வேண்டும். அந்தக் கால்வாய் தெற்கே எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மரக்காணம் வரை போகிறது என்று தெரிந்தபிறகு அதன்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78-ல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிச் சொல்லி நடுங்கினார்களே, அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலை அது. தெற்கிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பஞ்சம். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். அரை கிலோகூட ஆகாது. மண் வெட்டிச் சுமந்தவர்கள் அந்தத் தானியத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு வெட்டிய கால்வாய்க்கு 1878-ல் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. பக்கிங்ஹாம் அந்தக் கூலிக் குறைப்பை எதிர்த்தவர், இங்கிலாந்தில் நன்கொடை திரட்ட வேண்டுகோள் விட்டவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பசித்தவர்கள் வெட்டியதற்குப் பசிக்காதவர் பெயர். இந்த அநியாயத்தை எந்த நல்லெண்ணமும் சரிக்கட்டாது.

அந்தக் கால்வாய் மேலேயே ஒரு பாலம். ஹாமில்டன் பாலம் என்று வைத்த பெயரை ஜனங்கள் அம்பட்டன் பாலம் ஆக்கினார்கள், அதை வெள்ளைக்காரர்கள் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றார்கள் என்று சென்னையில் சொல்வார்கள். இன்று அது அம்பேத்கர் பாலம். சாதித் தொழிலின் பெயரில் அழைக்கப்பட்ட பாலம் சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் பெயரில் நிற்கிறது. பெயர் மாற்றங்களில் எனக்கு முழு மனதோடு பிடித்தது அதுதான்.

எல்லாப் பெயரும் மேலே இருந்து திணிக்கப்பட்டதும் அல்ல. சென்ட்ரல் பக்கத்தில் வெள்ளையாக நிற்கும் மாநகராட்சி மாளிகைக்கு ரிப்பன் பெயர். 1913-ல் திறந்தபோது ரிப்பன் வைசிராய் பதவியை விட்டு ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகியிருந்தது, இறந்தும் நாலு வருஷம். உள்ளாட்சிக்கு வழிவிட்டவர், தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டத்தை நீக்கியவர் என்பதால், ரிப்பன் எங்கள் அப்பன் என்றே ஜனங்கள் சொன்னார்கள். ஆள் போன பிறகும் சொல் நின்றது. அதற்குப் பக்கத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழைய புத்தகக் கடைகளில் குந்தி உட்கார்ந்து பேரம் பேசியிருக்கிறேன். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு. 1985 மே 30 அன்று அது எரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். கருகிய தாள்கள் காற்றில் பறந்து ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தன. கடைக்காரர் ஒருவர் கரியைக் கிளறிக்கொண்டே இருந்தார். மூர் யார் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மூர் மார்க்கெட் என்று சொல்லி அன்று அழுதவர்களை நான் பார்த்தேன்.

நீல் சிலையைப் பற்றிப் படித்தது அதற்கு அடுத்த வருஷம். ஜேம்ஸ் நீல் சென்னைப் படைப்பிரிவின் தளபதி. 1857 எழுச்சியின்போது காசியிலும் அலகாபாத்திலும் ஊர் ஊராக மரங்களில் மனிதர்களைத் தொங்கவிட்டவர். கான்பூரில் கைதிகளைத் தூக்கில் போடுமுன் தரையிலிருந்த இரத்தக் கறையை நாக்கால் நக்கச் சொன்னவர். லக்னோவில் அதே ஆண்டு செப்டம்பரில் கொல்லப்பட்டார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தச் சிலையின் காலடியில்தான் சென்னை நடந்து போனது.

1927-ல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிப் போராட்டம் தொடங்கியது. சம்மட்டியும் கோடரியும் எடுத்துக்கொண்டு தொண்டர்கள் அணி அணியாக வந்தார்கள், அடித்தார்கள், சிறைக்குப் போனார்கள். வந்தவர்களில் கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாளும் ஒருவர். ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று வேறு பெயர் வைத்தார். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் கடலூர்ப் பெண் அவர். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் எனக்கு அவரைப் பற்றிச் சொன்னதில்லை. எழும்பூரில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரனின் சிலையைத் தேடப்போய்த்தான் அவரைக் கண்டேன். 1937-ல் ராஜாஜி ஆட்சியில் சிலை இறங்கியது. அதே 1937-ல் அஞ்சலை அம்மாள் சட்டசபைக்கு ஏறினார்.

சிலை பின்னர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அதே வளாகம். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனேன். செத்த காலேஜில் நீலைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. ரோட்டில் நின்றபோது அவர் வணங்கச் சொன்ன உரு. இங்கே சாட்சிப் பொருள். உடைத்துக் கூவத்தில் போட்டிருந்தால் அஞ்சலை அம்மாள் எதை எதிர்த்தார் என்பதைக் காட்ட நம்மிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அன்று இறக்கியவர்கள் சரியாகச் செய்தார்கள், வைத்திருந்தவர்களும் சரியாகச் செய்தார்கள்.

வெள்ளைக்காரன் பெயரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சுலபம். நம்மவர் பெயரில்தான் நாம் தடுமாறினோம். என் மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழில் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று இருக்கிறது. இளையவன் சான்றிதழில் கடலூர் மாவட்டம். இடையில் வந்தது 1997. தென்மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு, கட்டபொம்மனின் தளபதியாக இருந்து உயிர்விட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் ஒரேயடியாக எடுக்கப்பட்டன. அந்த அடியில் வள்ளலார் பெயரும் போனது. தீயை அணைக்க வேறு வழி இல்லை என்றார்கள், இருக்கலாம். ஆனால் சுந்தரலிங்கம் பெயரை ஏற்க மறுத்தவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த வருஷம் ஊருக்குப் போனபோது வடலூரில் இறங்கினேன். 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் எழுதிக் கொடுத்து உண்டான இடம் அது. வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், மாவட்டத்துக்கு சாமி பேரை எடுத்துட்டாங்களே என்றேன். "சோறு போடுறாங்கல்ல" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குக் கை காட்டினார்.

கன்னிமாராவுக்கும் அந்தப் பேச்சையே நான் அளவுகோலாக வைக்கிறேன். 1948-ல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் உழைப்பாலும் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கத்தின் முயற்சியாலும் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம். 1950-ல் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆனது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பெறும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. என்னைப் போல் அங்கே உட்கார்ந்து படித்து வேலைக்குப் போனவர்கள் தமிழ்நாட்டின் எந்த அரசு அலுவலகத்திலும் இருப்பார்கள். அந்தப் பெயருக்கு இன்று என்ன மதிப்பு இருக்கிறதோ அது இவர்கள் சேர்த்தது. ராபர்ட் பர்க் சேர்த்ததில் அதிகம் இல்லை.

ஆகவே பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன். நீலின் சிலை அதைக் கடந்து போனவனைக் குத்தியது. கன்னிமாரா என்ற பெயர் அந்த வாசலில் நுழையும் யாரையும் குத்தவில்லை. ஆனால் குத்தவில்லை என்பதற்காகக் கணக்கை மறைக்கக் கூடாது. சூசன் பட்ட துன்பம் அதில் எழுதப்பட வேண்டும், கஞ்சத்துக்குப் போய்வந்ததும் எழுதப்பட வேண்டும். பெயர் வைத்துவிட்டால் ஆள் நல்லவன் என்று நம்புவதும், ஆள் கெட்டவன் என்று தெரிந்தால் பெயரைச் சுரண்டிவிட்டு நிம்மதியாவதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் நாம் படிப்பதில்லை.

ஆயா 1991-ல் போனாள். கடைசி வரைக்கும், எனக்கு வேலை கிடைத்தது மெட்ராஸ் கன்னிமார் புண்ணியம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நியமன உத்தரவு வந்த அன்று ஏரிக்கரையில் ஏழு கற்களுக்கும் புது மஞ்சள் பூசி, எட்டாவதாக ஒரு கல்லை ஓரமாக வைத்துப் பூசியதாக அம்மா சொன்னாள். மெட்ராஸ் கன்னிமாருக்காம்.

நூலகத் துறைக்கு ஒரு விண்ணப்பம். பழைய கட்டிடத்தின் வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். கன்னிமாரா என்பது எந்தக் கடற்கரையின் பெயர், அதைச் சூட்டிக்கொண்டவர் செய்த நல்லது எது, கெட்டது எது என்பதை எழுதுங்கள். மிட்செல், இர்வின், ரங்கநாதன் பெயர்களை எழுதுங்கள். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார் என்று எழுதுங்கள். அவருக்குக் கீழே, பெயர் எழுதி வைக்கப்படாத கொத்தனார்களும் சித்தாட்களும் என்று ஒரு வரி விடுங்கள்.